பரிசோதனையை நிறுத்தவில்லை, அறையை மாற்றினார்!

பல்கலைக்கழகத்தில் எனக்கு முதல் வேதியியல் செய்முறை வகுப்பு. பன்சன் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்கள். எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலில் 'ஏ' வாங்கியவள் நான். ஆனால் கை நடுங்கியது. முதலில் தீக்குச்சியைக் கிழிப்பதா, வாயுக் குழாயைத் திறப்பதா என்றே தெரியவில்லை. பக்கத்து மேசைத் தோழி வந்து பற்றவைத்துக் கொடுத்தாள். அன்று முழுவதும் எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த கொஞ்ச காலத்தில் நோய்த்தொற்று வந்து வகுப்புகள் இணையத்துக்குப் போயின. பள்ளி மீண்டும் திறந்த பிறகும் தீயும் நெடியும் உள்ள பரிசோதனைகளைக் காணொளியில்தான் பார்த்தோம். தேர்வுக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் அவசர அவசரமாகச் செய்தோம். அதற்காக எங்கள் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் முப்பதுக்கு மேற்பட்ட மாணவர்கள். புகையை வெளியேற்றும் விசிறி ஓடாது. யாருக்காவது ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருடைய பயம் நியாயமானது.

அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. எனக்கு விடை கிடைத்தது, 80 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு வேதியியல் ஆசிரியரின் வாழ்க்கையில். அவர் பெயர் பிரபுல்ல சந்திர ராய். இந்திய வேதியியலின் தந்தை என்று பாடநூல்கள் அவரைச் சொல்லும். நான் இங்கே சொல்லப்போவது, ஆய்வுக்கூடத்தின் ஆபத்தை நேரில் பார்த்தும் ஆய்வுக்கூடத்தை மூடாத ராயைப் பற்றி.

வெடித்த தகரக் குழாய்

ராய் 1861 ஆகஸ்டு 2ஆம் நாள், இன்றைய பங்களாதேஷின் குல்னா பகுதியில் உள்ள ராருலி கிராமத்தில் பிறந்தார். தந்தை ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். நிறைய புத்தகங்கள் சேர்த்து வைத்திருந்தவர். மகன் படிப்பதற்காகக் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. பள்ளியில் படிக்கும்போது கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் சிறுவனைத் தாக்கியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கே போக முடியவில்லை. அந்தக் காலத்தில் தந்தையின் நூலகம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். அந்த நோய் விட்டுச்சென்ற பலவீனம் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

பிறகு மெட்ரோபொலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். கட்டணம் குறைவு, ஆனால் அறிவியல் படிக்க வசதி இல்லை. எனவே வேதியியல் பாடத்துக்கு மட்டும் அரசின் பிரசிடென்சி கல்லூரிக்குப் போய் வந்தார். அங்கே அலெக்சாண்டர் பெட்லர் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் வகுப்பிலேயே பரிசோதனைகளைச் செய்துகாட்டிப் பாடம் நடத்தினார். அதுவரை இலக்கியத்தில் ஆர்வமாக இருந்த ராயின் மனம் வேதியியலுக்குத் திரும்பியது.

பார்த்ததோடு நிற்க அவருக்கு மனமில்லை. வகுப்புத் தோழர் ஒருவரின் தங்கும் அறையில் இருவருமாகச் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்கள். உள்ளூர்த் தகரக் கொல்லரிடம் சொல்லி, மெல்லிய தகரத்தில் ஓர் ஊதுகுழல் செய்து வாங்கினார்கள். ஹைட்ரஜனும் உயிர்வளியும் சேர்ந்து எரியும் கருவி அது. ஒருநாள் அது பயங்கரமாக வெடித்துச் சிதறியது. நல்லவேளையாக இருவருக்கும் காயமில்லை.

ஏன் வெடித்தது என்று இன்று படிவம் 4 மாணவரைக் கேட்டாலும் சொல்வார். ஹைட்ரஜன் தனியாக இருந்தால் குழாயின் வாயில் அமைதியாக எரியும். உயிர்வளியோடு முன்கூட்டியே கலந்துவிட்டால் ஒரு பொறி போதும், முழுவதும் ஒரே நொடியில் எரிந்து வெடிக்கும். மெல்லிய தகரம் அதைத் தாங்காது. இதைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆசிரியர் யாரும் இல்லை. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கொடுக்காவிட்டால் அவர்கள் வேறு எங்காவது செய்துபார்ப்பார்கள் என்பதற்கு இந்தத் தகரக் குழாயே சாட்சி.

முதல்வரை உள்ளே அழைத்த ராய்

1882இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார் ராய். பேராசிரியர் கிரம் பிரவுனிடம் வேதியியல் கற்று, 1887இல் முனைவர் பட்டம் பெற்றார். 1888இல் ஊர் திரும்பியும் ஏறக்குறைய ஓராண்டு வேலை கிடைக்கவில்லை. நண்பர் ஜகதீஷ் சந்திர போஸின் வீட்டில் தங்கியிருந்தார். 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் 250 ரூபாய் சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் ஆனார். அதே தகுதியுள்ள ஆங்கிலேயர்களுக்கு இதைவிட உயர்ந்த பதவியும் சம்பளமும் கிடைத்த காலம் அது.

வேதியியல் துறை அப்போது பழைய ஒருமாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. மாணவர்கள் செய்முறைப் பயிற்சியில் இருக்கும்போது எழும் வாயுக்கள் வெளியேற வழியில்லை. அறை முழுவதும் புகையும் நெடியும் நிறைந்து மூச்சுத் திணறும். அந்தக் காலத்து உப்புப் பகுப்பாய்வில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு அடிக்கடி பயன்படும். அது நச்சு வாயு. அளவு கூடினால் மூக்கு நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். ஆபத்து நீங்கிவிட்டது போலத் தோன்றும்.

ராய் என்ன செய்தார்? பரிசோதனைகளைக் குறைக்கவில்லை. கல்லூரி முதல்வரை அழைத்துப்போய் அந்த அறைக் காற்றைச் சற்று நேரம் சுவாசிக்க வைத்தார். முதல்வருக்கு நுரையீரல் பலவீனமானது. சில நிமிடங்களில் பதறி வெளியே வந்தவர், உடனே கல்வித்துறை இயக்குநருக்குக் கடுமையான கடிதம் எழுதினார். நகரச் சுகாதார அதிகாரிக்குத் தெரிந்தால், மாணவர்களுக்கு நஞ்சு கொடுத்ததாகத் தம்மீது வழக்கே போடலாம் என்கிற அளவுக்கு அதில் எழுதியிருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் மாணவர்களின் காற்றைத் தானும் ஒருமுறை சுவாசித்துப் பார்த்தால் போதும். நீண்ட வாதம் தேவைப்படாது. எடின்பரோவில் பார்த்துப் பழகிய நவீன ஆய்வுக்கூடத்தின் அமைப்பு ராயின் மனத்தில் இருந்தது. பெட்லரும் அவரும் சேர்ந்து முயன்றார்கள். 1894இல் வேதியியல் துறை புதிய கட்டடத்துக்கு மாறியது.

அந்தப் புதிய ஆய்வுக்கூடத்தில்தான் ராயின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு நடந்தது. பாதரசத்தின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலம் வினைபுரிந்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. அது மெர்குரஸ் நைட்ரைட்டு என்ற சேர்மம். 1896இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்.

இழப்பும் அதன் பிறகும்

1892ஆம் ஆண்டு வாக்கில் 700 ரூபாய் முதலில், அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வீட்டில், ராய் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். அதுவே பிறகு பெங்கால் கெமிக்கல் நிறுவனம் ஆனது. தொடக்கத்தில் வேடிக்கையான சிக்கல்களும் வந்தன. எரித்துப் பாஸ்பேட்டு எடுப்பதற்காக மாட்டெலும்புகளை மாடியில் காயப்போட்டார். மழை பெய்து அவை அழுகின. நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் புகார் செய்தார்கள். எலும்புகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இரவில் எரித்தபோது, யாரோ பிணத்தை எரிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுப் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

எல்லாமே வேடிக்கையாக முடியவில்லை. நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸின் உறவினரான சதீஷ் சந்திர சின்ஹா என்ற இளைஞர், வேதியியலில் எம்.ஏ. படித்துவிட்டு இந்த முயற்சியில் சேர்ந்தார். வேலையின்போது ஹைட்ரோசயனிக் அமிலத்தால் நஞ்சேறி இறந்துபோனார். இந்த அமிலம் ஏறக்குறைய 26 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். அதாவது நம் ஊர் மதிய வெப்பத்தில் தானாகவே ஆவியாகிவிடும். படித்தவர், பழகியவர் என்று அது யாரையும் பார்ப்பதில்லை.

இந்த இழப்பு ராயை உலுக்கியது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1901இல் நிறுவனம் பொதுப் பங்கு நிறுவனமாக வளர்ந்தது. வகுப்பறையிலும் அவர் மாறவில்லை. பெரிய பேராசிரியர் ஆன பிறகும் முதலாண்டு மாணவர்களுக்குத் தாமே பாடம் நடத்தினார், பரிசோதனைகளைச் செய்துகாட்டியபடியே. தொடக்க வகுப்புக்குத்தான் மிகச் சிறந்த ஆசிரியர் தேவை என்பது அவர் நம்பிக்கை. மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ், ஞான சந்திர கோஷ் ஆகியோர் அவரிடம் படித்தவர்கள்.

1916இல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு மாறினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, கல்லூரியிலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். 60 வயது நிறைந்தபின் தம் சம்பளத்தை வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே கொடுத்துவிட்டார். 1924இல் இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரானார். 1936இல் ஓய்வு பெற்று, 1944 ஜூன் 16ஆம் நாள் அதே கல்லூரி அறையில் காலமானார்.

எங்கள் தோட்டத்தில்

கடந்த விடுமுறையில் ரந்தாவுக்கு வந்திருந்தேன். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் வாரத்துக்கு உதவி கேட்டார்கள். ஆசையாகப் போனேன். துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்து ஹைட்ரஜன் உண்டாக்கி, அது பொட்டென்று சத்தத்தோடு எரிவதைக் காட்டலாம் என்றேன். தலைமையாசிரியை உடனே மறுத்துவிட்டார். தீயும் வேண்டாம், அமிலமும் வேண்டாம், காணொளி போடலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. பன்சன் அடுப்பின் முன்னால் நடுங்கி நின்றதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் முறையிட்டேன். தாத்தா அந்தக் காலத்தில் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். ரப்பர் பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். தோட்டத்தில் அதை வெறுமனே ஆசிட் என்பார்கள். தாத்தா பேசாமல் தம் இடது மணிக்கட்டைக் காட்டினார். வெள்ளையாக ஒரு தழும்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெறித்தது. எப்படித் தூக்குவது, எப்படி ஊற்றுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். கையுறையும் இல்லை. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதைச் சுட்ட பிறகுதான் கற்றுக்கொண்டாராம்.

அப்போதுதான் ராய் எனக்கு முழுமையாகப் புரிந்தார். தலைமையாசிரியையின் பயமும் சரி, என் ஆசையும் சரி. இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலையைத்தான் நான் செய்யவில்லை. அன்றிரவு ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொரு பரிசோதனையிலும் என்ன தவறு நடக்கலாம்? அதைத் தடுக்க என்ன செய்வோம்? மீறி நடந்தால் யார், என்ன செய்வார்?

அப்படி எழுதியபோது ஹைட்ரஜன் தானாகவே வெளியே போனது. தொடக்கப்பள்ளி அறைக்கு அது பொருந்தாது. அமிலத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாறும் காடியும் வந்தன. நிறங்காட்டியாக நம் தேசிய மலரான செம்பருத்தியின் சாறு: புளிப்பில் சிவக்கும், சவர்க்கார நீரில் பச்சையாகும். மெழுகுவத்தியை மணல் தட்டில் வைப்பது. சன்னல்களைத் திறந்து வைப்பது. தலைமுடியைக் கட்டுவது, பாஜு கூரோங் கைகளை மடித்துக்கொள்வது. ஒரு குழுவில் பத்துப் பேர், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பாதுகாப்புக் கண்ணாடிகள் வாங்கித் தந்தது.

தலைமையாசிரியை தாளை இருமுறை படித்துவிட்டுச் சம்மதித்தார். முதல்நாள் அவரே அறையின் நடுவில் நின்றார். எப்போதும் பேசாத ஒரு சிறுமி, செம்பருத்திச் சாறு தன் கண்ணெதிரே பச்சையாவதைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை செய்யட்டுமா என்று கேட்டாள். கடைசி நாள் தாத்தாவும் வந்து பிள்ளைகளுக்குத் தம் தழும்பைக் காட்டிப் பாடம் சொன்னார்.

தம்பி தங்கைகளே, உங்கள் பள்ளியில் பரிசோதனை நடக்கவில்லை என்றால் ஆசிரியரிடம் கோபப்படாதீர்கள். அந்த மூன்று கேள்விகளையும் விடைகளையும் எழுதிக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள். ஆசிரியருக்குத் தெரியாமல் வீட்டில் அமிலத்தோடும் வாயுவோடும் விளையாடாதீர்கள். தகரக் குழாய் வெடித்தபோது ராய் தப்பியது அதிர்ஷ்டத்தால்தான். பெற்றோர்களே, பள்ளிக்கு நன்கொடை தரும்போது ஒரு விசிறிக்கும் சில கண்ணாடிகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

2011இல், ராயின் 150ஆவது பிறந்த ஆண்டில், பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் அவருக்கு நினைவுப் பலகை வழங்கிச் சிறப்பித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அக்கழகம் வழங்கிய முதல் வேதியியல் நினைவுப் பலகை அது. அவரை நினைக்க நமக்குப் பலகை வேண்டியதில்லை. தோட்டப்புறப் பள்ளி அறை ஒன்றில், திறந்த சன்னலுக்குப் பக்கத்தில், கண்ணாடி அணிந்த ஒரு பிள்ளை பயமில்லாமல் தன் கையால் ஒரு பரிசோதனையைச் செய்து முடித்தால் போதும்.