பிரித்துப் பார்த்த பெருமகன்

மாணவ நண்பர்களே, கைப்பேசியும் கையுமாக இருக்கும் சிறுவனைக் கவனித்திருக்கிறீர்களா? திரையில் ஓர் உண்டிவில். தாழ எய்தால் பறவை வழியிலேயே விழுகிறது. செங்குத்தாக எய்தால் காலடியில் வந்து விழுகிறது. பத்து முறை தவறியபின் சரியான கோணம் அவன் விரலுக்குப் பிடிபடுகிறது. 2009-இல் பின்லாந்து நாட்டு நிறுவனமொன்று வெளியிட்ட ஆங்ரி பேர்ட்ஸ் முதலாகப் பல விளையாட்டுகள் இவ்வகையின. எறிபொருள் இயக்கம் என்னும் பாடத்தை, அதன் பெயர் அறியாமலே குழந்தை பயின்றுவிடுகிறது.

தவறித் தவறிக் கற்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் நம் கொங்கு மண்ணில் வாழ்ந்தார். அவர்தாம் ஜி.டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில், 1893 மார்ச் 23-இல் பிறந்தார் துரைசாமி. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. ஆனால் அறிவுப் பசி நிற்கவில்லை. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி ஓடுகிறதே, எப்படி? அந்தக் கேள்வி அவரை உறங்கவிடவில்லை. கோவைக்கு வந்து உணவு விடுதியில் பணியாளாக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அத்தகைய வண்டியொன்றை விலைக்கு வாங்கினார். ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை! ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் கற்ற கல்லூரி.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அந்த ஒன்று பலவாகப் பெருகி, யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைக் கோவையில் படைத்தார். ஆழ்கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த நம் உழவர்களுக்கு மோட்டார் என்ன பொருள் தந்தது என்பதை, இவ்வட்டாரத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, 1941-இல் எழுபது ரூபாய்க்கு ஐந்து வால்வு வானொலி என அவர் பட்டியல் நீண்டது.

வெற்றிகளை மட்டும் சொன்னால் வரலாறு அரைகுறையாகும். 1945-இல் அவர் முயற்சியால் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி எழுந்தது. அதன் முதல்வராகவும் அவரே அமர்ந்தார். நான்காண்டுப் படிப்பு காலவிரயம், கைவேலையோடு கற்பித்தால் இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசு ஏற்கவில்லை; அவர் பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே பின்னர் இடம் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. பீளமேட்டில் ஹோப் காலேஜ் என்ற பேருந்து நிறுத்தப் பெயர் மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லும் சிறு காரை உருவாக்கினார். உற்பத்திக்கு உரிமம் கிடைக்கவில்லை. கார் சாலைக்கு வராமலே நின்றது.

ஆயினும் அவர் ஓயவில்லை. 1967-இல் கோவையில் நிலையான தொழிற்காட்சி ஒன்றை அமைத்தார். 1974 சனவரி 4-இல் அவர் மறைந்தார். அவர் தொகுத்த பொறிகளை இன்றும் அவிநாசி சாலையில் காணலாம்.

கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன பாடம்? கைப்பேசி விளையாட்டு குழந்தைக்குச் சோதனை செய்யும் துணிவைத் தருகிறது, அது நல்லதே. ஆனால் திரைக்குள் இருக்கும் புவியீர்ப்பு, யாரோ எழுதி வைத்த கணக்கு. அதைக் குழந்தை திறந்து பார்க்க இயலாது. ஆட்டம் கண்ணாடியோடு முடிந்துவிடுகிறது. நாயுடுவின் ஆட்டமோ திருப்புளியோடு தொடங்கியது. உண்மையான கல் உண்மையான மரத்தில் படும்போதும், பழுதான மிதிவண்டியைத் தானே கழற்றும்போதும்தான் கற்றது உடைமையாகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். திரைச் சுரைக்காயும் அப்படியே.

ஆகவே நண்பர்களே, வீட்டில் தம்பியோ தங்கையோ பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, அதை மீண்டும் பூட்டக் கைகொடுங்கள். அடுத்த நாயுடு அந்தத் திண்ணையிலேயே இருக்கக்கூடும்!