மீண்டு வந்த தேரும் மீளாத சொல்லும்

அரசரையும் தேரையும் பிரித்து நினைத்தல் தமிழ் படித்தவர்க்கு அரிது. முல்லைக்கொடி பற்றிப் படர்வதற்குக் கொழுகொம்பாகத் தன் தேரை நிறுத்திவிட்டு நடந்து சென்றான் பாரி. கன்றை இழந்த பசுவின் துயர் கண்டு, தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதி கண்ட சோழன். பண்டித வகுப்பில் இவ்விரு வரலாறுகளையும் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். சென்ற தவணையில் மாணவன் ஒருவன் எழுந்து, அண்மைக் காலத்து அரசர் எவருக்கேனும் இங்ஙனம் நினைக்கத்தக்க தேர் உண்டா என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்ன விடையே இக்கட்டுரை. தேர் உண்டு, ஆனால் அதன் கதை வேறு வகையானது.

அந்தத் தேர், 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட றோல்ஸ் றொய்ஸ் மோட்டார் வண்டி. இந்திய நட்சத்திரம் என்பது அதற்கு வழங்கும் பெயர். அதனைச் செய்வித்தவர் காத்தியவாரிலுள்ள இராஜ்கோட் சமஸ்தானத்து மன்னர் தர்மேந்திரசிங்ஜி. காந்தியடிகளின் சரித்திரத்தை ஊன்றிக் கற்றவர்கள் இப்பெயரை மறந்திரார்.

இராஜ்கோட் சிறிய நாடு. ஏறத்தாழ 280 சதுர மைல் பரப்பு. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டினும் சிறியது என்றால் அதன் அளவு விளங்கும். எனினும் கீர்த்தியில் அது சிறியதன்று. அடிகளின் தந்தையார் கரம்சந்த் காந்தி அங்கே திவானாக இருந்தவர். அடிகள் இளமையிற் கல்வி கற்றதும் அவ்வூரிலேதான்.

தர்மேந்திரசிங்ஜி பிறந்தது 1910 மார்ச்சு மாதத்தில். தந்தையார் இலாக்காஜிராஜ் என்பவர் குடிகள் போற்றிய மன்னர். 1923ஆம் ஆண்டில் அவர் பிரசா பிரதிநிதி சபை ஒன்றை நிறுவினார். அதன் அங்கத்தவர் தொண்ணூற்றுவரையும் வயது வந்தோர் யாவரும் வாக்களித்துத் தெரிந்தனர். சபையின் முடிவைத் தள்ளும் அதிகாரம் மன்னருக்கு இருந்தது. இருந்தும் அதனை அவர் அரிதாகவே பயன்படுத்தினார். அடிகளிடத்தில் அவருக்குப் பேரன்பு உண்டு. 1927 நவம்பரில், யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று அடிகள் நம் நாட்டுக்கு எழுந்தருளியபோது, இராஜ்கோட்டில் ஆட்சி செய்தவர் அவரே. மைந்தருக்கு அப்போது வயது பதினேழு.

1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தையார் காலமானார். இருபது வயதும் நிரம்பாத இளைஞரிடத்தில் நாடு வந்து சேர்ந்தது. நல்ல தந்தையின் மைந்தராகப் பிறத்தல் ஒரு பேறு. அதுவே ஒரு சுமையும் ஆகலாம். இளவரசர்க்கெனக் காத்தியவாரில் அமைந்த கல்லூரியிற் படித்து, இங்கிலாந்திலும் பயின்று வந்த அவருக்குக் களியாட்டில் இருந்த நாட்டம் ஆட்சியில் இருக்கவில்லை. தந்தையார் கண்ட சபை கூடாமலே தேய்ந்து போயிற்று. ஆட்சியின் கடிவாளம் திவான் வீராவாலாவின் கைக்குச் சென்றது.

இக்காலத்திலேதான் அந்த வண்டி வந்தது. மன்னருக்கு வயது இருபத்துநான்கு. அக்காலத்தில் றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தார் இயந்திரமும் அடிச்சட்டமும் மாத்திரமே செய்து கொடுப்பர். மேற்கூட்டை வண்டிக்கூடு கட்டும் வேறொரு நிறுவனத்தார் வாங்குவோரின் விருப்பப்படி அமைப்பர். இராஜ்கோட் மன்னருக்குக் கூடு கட்டியவர்கள் இலண்டன் மாநகரத்துத் திறப் அன்ட் மேபளி நிறுவனத்தார். வண்டி பன்டம் இரண்டு என்னும் வகையைச் சேர்ந்தது. ஆறு சிலிண்டர், கொள்ளளவு ஏழரை லீற்றருக்கும் மேல். வெயிலுக்கும் மழைக்கும் மேற்கூரையை விரிக்கலாம். நல்ல பருவத்தில் அதனை மடித்துவிட்டு வெளிக்காற்றில் உலா வரலாம். உடலுக்குக் காவி நிறம். விளக்குகள் பத்துக்கு மேல். வீதியில் வந்தபோது குடிகள் விலகி நின்று வியந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

ஒரு வண்டியினால் ஒரு நாடு வறுமையுற்றது என்று சொல்லுதல் நடுநிலையாகாது. ஆனால் அவ்வண்டி எந்த வழியில் ஓடிற்றோ அந்த வழியிலேயே அரசும் ஓடிற்று. திறைசேரி வற்றவே, தீப்பெட்டி, சீனி, அரிசி என்பவற்றை விற்கும் தனியுரிமையை விலை கூறிக் கொடுத்தார்கள். வரிகள் ஏறின. சூதாட்டத்துக்கும் அனுமதி கிடைத்தது. குடிகள் எத்தனை நாள் பொறுப்பர்? 1938ஆம் ஆண்டிலே சூதாட்டத்தை எதிர்த்துக் கூடினோர் மீது தடியடி நிகழ்ந்தது. டேபர் முதலியோர் முன்னின்றனர். வல்லபாய் பட்டேல் துணை நின்றார். கடையடைப்பும் வரிமறுப்பும் சிறை நிரப்புதலும் தொடர்ந்தன.

அவ்வாண்டு திசம்பர் 26ஆம் நாள் மன்னரும் பட்டேலும் நெடுநேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பொறுப்பாட்சிக்குத் திட்டம் வகுக்கப் பதின்மர் கொண்ட குழு ஒன்று. அவருள் எழுவரைப் பட்டேல் குறித்துக் கொடுப்பார். மன்னரின் சொந்தச் செலவுக்கும் ஒரு வரம்பு. இந்த வரம்பை மன்னர் ஒப்பியது கருதத்தக்கது. தம் வாழ்க்கையைத் தாமே திருத்திக்கொள்ளும் வாயில் அன்று அவருக்குத் திறந்தது. அவ்வாயிலில் நுழைந்திருப்பாராயின், தந்தையாரின் பெயரோடு அவர் பெயரும் ஒருங்கு எண்ணப்பட்டிருக்கும்.

நுழைந்தாரல்லர். ஒரு மாதத்துக்குள்ளே, பட்டேல் குறித்த பெயர்களை ஏற்க மறுத்தார். திவானும் ஆங்கில அதிகாரிகளும் பின்னின்று இயக்கினர் என்பது உண்மை. எனினும் கையொப்பம் மன்னருடையது. தவறிய சொல்லும் அவருடையதே. தசரதனுக்கும் தடுமாற்றம் இருந்தது. ஆனால் அவன் உயிரைக் கொடுத்தான்; கொடுத்த வாக்கைக் கைவிட்டானல்லன்.

போராட்டம் மீண்டும் மூண்டது. இராஜ்கோட் தம் ஊர் என்று சென்ற கஸ்தூரிபாய் அம்மையார் காவலில் வைக்கப்பட்டார். 1939 பெப்ரவரி இறுதியில் அடிகளே அங்குச் சென்றார். தாம் மகனாகப் பாவித்த இளைஞரிடம் வாக்கை நிறைவேற்றுமாறு வேண்டினார். பயன் விளையாமையால் மார்ச்சு 3ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. நான்கு நாட்களில் வைசிராய் லின்லித்கோ பிரபு தலையிட, வழக்கு பிரதம நீதியரசர் சேர் மொறிஸ் குவையரிடம் சென்றது. ஏப்ரலில் வந்த தீர்ப்பு பட்டேலின் பக்கம் நின்றது.

இங்கேதான் வியக்கத்தக்கது நிகழ்ந்தது. வென்றவர் வெற்றியைத் துறந்தார். மன்னரின் உள்ளத்தை உருக்குவதற்குப் பதிலாக வைசிராயின் வலிமையை நாடியதனால், தம் நோன்பில் வற்புறுத்தல் கலந்துவிட்டது என்று கருதி, மே மாதத்தில் அடிகள் அத்தீர்ப்பின் பயனைக் கைவிட்டார். மன்னரிடத்தும் திவானிடத்தும் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். ஒருவர் தம் சொல்லைக் காவாது வென்றார். மற்றவர் தம் மனச்சான்றைக் காத்துத் தோற்றார். எது வெற்றி, எது தோல்வி என்பதனை மாணவர்களே சிந்திக்க.

தர்மேந்திரசிங்ஜி அதன்பின் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். 1940 யூன் மாதத்தில், முப்பதாம் வயதிலே உயிர் நீத்தார். மக்கள் வேண்டிய பொறுப்பாட்சி அவர் காலத்தில் வரவேயில்லை. 1948ஆம் ஆண்டில் இராஜ்கோட் ஏனைய சமஸ்தானங்களோடு சௌராட்டிரத்தில் இணைந்தது. முதலமைச்சராக வந்தவர், முன்னர்ப் போராட்டத்தில் முன்னின்ற அந்த டேபர்.

தேர் என்னவாயிற்று? 1968ஆம் ஆண்டில் அது விற்கப்பட்டுக் கடல் கடந்து இங்கிலாந்துக்கே சென்றது. அங்கே பழுது நீங்கிப் பல்லாண்டு பேணப்பட்டது. 2010ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டில் ஏலத்துக்கு வந்தபோது, இராஜ்கோட் அரச குடும்பத்தவரே அதனை மீட்டுக்கொண்டனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அயலிடத்தில் இருந்த தேர் பிறந்த மனைக்கு மீண்டது.

பழைய வண்டியைப் புதுக்குதலும் பழஞ்சுவடியைப் பதிப்பித்தலும் ஒரு தன்மையன என்பது என் எண்ணம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையையும் பிறவற்றையும் பதிப்பிக்கச் சுவடிகளை ஒப்புநோக்கி உழைத்தமை நாம் அறிந்ததே. செல்லரித்த இடத்தில் தன் சொல்லைப் புகுத்துபவன் பதிப்பாசிரியனாகான். அவ்வாறே மரச்சட்டம் உளுத்த இடத்தில் அதே மரமும், தகடு தேய்ந்த இடத்தில் அதே தகடும் தேடி வைப்பவனே நல்ல தொழிலாளி. பொறுமையும் பொருளும் இருந்தால் வண்டி பழைய வண்டியாகிவிடும். ஆனால் 1938 திசம்பரில் கொடுத்த சொல்லை எந்தக் கராச்சிலே கொண்டுபோய்ப் புதுக்குவது? எந்த ஏலத்திலே மீட்பது?

இவ்விடத்தில் என் அம்மானை நினைக்கிறேன். அவர் சுன்னாகத்தில் சிறிய கராச் வைத்திருந்தார். 1990ஆம் ஆண்டின் பின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில், ஒஸ்ரின் ஏ 40 வண்டிகளையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை இளைஞனாய் நின்று பார்த்திருக்கிறேன். புகையும் நாற்றமும் சொல்லி முடியா; ஆயினும் நோயாளிகள் வைத்தியசாலை போய்ச் சேர்ந்தார்கள்.

போர் ஓய்ந்தபின், வேலியோரத்திற் கிடந்த ஏ 40 ஒன்றை அம்மான் இரண்டு ஆண்டு உழைத்துப் புதுக்கினார். அதனை இளைப்பாறிய ஆசிரியர் ஒருவருக்குத் தருவதாக ஒரு விலை பேசியிருந்தார். எழுத்தில்லை, முற்பணமாக ஒரு சதமும் வாங்கவில்லை. அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இருமடங்கு விலை கேட்டார். வீட்டில் மகளின் கலியாணச் செலவு காத்திருந்தது. மாமிக்கு அந்தப் பணத்தில் கண். நானும் படித்தவன் என்ற துணிவில், பேச்சளவில் நின்ற விலைதானே, மாற்றினால் குற்றமில்லை என்று அம்மானுக்கு எடுத்துரைத்தேன். அவர் விடை சொல்லவில்லை. வண்டியைத் துடைத்து, மறுநாட் காலை தாமே ஓட்டிச்சென்று ஆசிரியரின் படலையில் நிறுத்திவிட்டு, நடந்து வீடு திரும்பினார்.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று பாரியின் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம், தேரை விட்டுவிட்டு நடந்து வரும் மன்னனின் முகம் என் அம்மானின் முகமாகவே தோன்றுகிறது.