செல்லம்மா சொன்னார், தங்கம்மா எழுதினார்

பாரதியார் வீட்டின் கதை

1901-ம் ஆண்டு. நெல்லைச் சீமையில், மலையடிவாரத்திலுள்ள கடையம் கிராமத்துக்குக் காசியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 20 வயதுகூட நிரம்பாத வாலிபர். யாருக்கு வந்ததோ அந்தப் பெண்ணுக்கு வயது 11.

கணவர் காசியில் ஏதேதோ விவகாரங்களில் தலையிடுகிறார் என்று ஊரில் சிலர் அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியிருந்தார்கள். கலங்கிப் போன அவள், உடனே ஊர் திரும்பும்படி கணவருக்கு எழுதினாள். அதற்குத்தான் இந்தப் பதில். பயப்படும்படி ஒன்றுமில்லை, கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்தால் தமக்குச் சந்தோஷம் என்று கணவர் எழுதியிருந்தார்.

அந்த வாலிபர்தான் சுப்பிரமணிய பாரதியார். அந்தச் சிறுமிதான் செல்லம்மா. கணவர் சொன்ன அந்தத் தமிழை அவர் என்ன செய்தார்? அதுதான் இந்தக் கதை.

பந்தலில் பாட்டு

செல்லம்மா 1890-ம் ஆண்டு பிறந்தார். தந்தை செல்லப்ப அய்யர்; தாய் மீனாட்சி அம்மாள். 1897-ல் எட்டயபுரம் சின்னசாமி அய்யரின் மகன் சுப்பிரமணியத்துக்கும் அவருக்கும் விவாகம் நடந்தது. மணமகனுக்கு 14 வயது நடந்து கொண்டிருந்தது. மணமகளுக்கு 7 வயது.

அந்தக் காலத்துக் கல்யாணங்களில் நாலு நாளும் விளையாட்டும் கேலியுமாக இருக்கும். மாப்பிள்ளைப் பையன் சபையிலே தானே பாட்டுக் கட்டிப் பாடிவிட்டான். பெண்ணோ வெட்கத்தால் தலை நிமிரவில்லை. வயதான பிறகும் செல்லம்மா அம்மையாருக்கு இது மறக்கவில்லை.

மாப்பிள்ளை 5 வயதில் தாயை இழந்தவர். கல்யாணமான மறு வருஷமே தந்தையும் காலமானார். ஆதரவற்ற பையன் காசியிலிருந்த அத்தையிடம் போய்ச் சேர்ந்தான். திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் சில காலம், மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம், 1904 நவம்பரில் சென்னை சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. அதே ஆண்டில் மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தாள். 1908-ல் இளையவள் சகுந்தலா பிறந்தாள்.

குடும்பம் ஒருவாறு நிலைபெறும் நேரம். அப்போதுதான் இடி விழுந்தது.

பிரெஞ்சு மண்

1908-ல் "இந்தியா" பத்திரிகை மீது சர்க்கார் ராஜத்துரோக வழக்குப் போட்டது. பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறை சென்றார். அடுத்தது பாரதியார்தான் என்று நண்பர்கள் அஞ்சினார்கள். அவர் புதுச்சேரிக்குப் போய்விட்டார். சில காலம் கழித்து செல்லம்மாவும் குழந்தைகளும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

புதுவை ராஜ்யத்தின் அமைப்பு விசித்திரமானது. பட்டணத்துக்கு மேற்கே வில்லியனூர், தெற்கே பாகூர். இரண்டும் நெல்லும் கரும்பும் விளையும் வளமான கொம்யூன்கள். ஆனால் அவை ஒரே கட்டாக இல்லை. பிரெஞ்சுக் கிராமமும் பிரிட்டிஷ் கிராமமும் மாறி மாறிக் கிடந்தன. ஒரு வயல் பிரெஞ்சு மண். வரப்பைத் தாண்டினால் அடுத்த வயல் பிரிட்டிஷ் மண்!

ஊரார் அந்த வரப்பை நாள்தோறும் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். பாரதியார் தாண்டினால் விலங்கு. பத்து ஆண்டுகள் அந்தக் குடும்பம் இந்தக் கோட்டுக்குள்தான் வாழ்ந்தது. வீட்டு வாசலில் ஒற்றர்கள் காத்திருந்தார்கள். தபால்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 1910-ல் "இந்தியா" நின்றது. 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொலையுண்ட பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது.

கவிஞர் பாட்டு எழுதினார். அடுப்பு எரிய வேண்டுமே! அந்தக் கவலை செல்லம்மாவுடையது.

குருவிக்கு அரிசி

ஒரு நாள் சமையலுக்காக அரும்பாடுபட்டுச் சேர்த்த அரிசியை அம்மையார் எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தால், முற்றத்தில் சிட்டுக்குருவிகள்! பாரதியார் அரிசியை அள்ளி இறைத்துவிட்டு, அவை கொத்தித் தின்பதைக் கண்டு ஆனந்தக் கூத்தாடுகிறார். மனைவியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

இதை நாம் இன்று கவிஞரின் கருணை என்று கொண்டாடுகிறோம். உலையில் கொதித்துக் கொண்டிருந்த தண்ணீரைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? அதை நினைத்தவர் ஒருவர்தான். அவர் சொன்னதால்தான் குருவிக் கதையும் நமக்குக் கிடைத்தது.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று சொல்வார்கள். வாடகை பாக்கிக்காக அவர் நெருக்கியதில்லை. வேலைக்காரி அம்மாக்கண்ணு வீட்டு மனுஷியாகவே இருந்தாள். மண்டயம் சீனிவாசாச்சாரியார் குடும்பமும், 1910-ல் வந்து சேர்ந்த வ. வே. சு. அய்யர் குடும்பமும் துணை நின்றன.

1913-ல் பாரதியார் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். தெருவில் மனைவியோடு சேர்ந்து நடந்தார். பெண்களுக்குச் சிறு வயதில் விவாகம் கூடாது என்றார். அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த செல்லம்மாவுக்கு இது லேசான காரியமா? உறவினர் முகம் திருப்பினார்கள். பெண்களுக்கு வயது ஏறுகிறதே என்று தாய் மனம் பதைத்தது. கணவர் கொள்கையும் உண்மை. தாயின் பயமும் உண்மை. அம்மையார் இரண்டையும் ஒருசேரச் சுமந்தார்.

1916 நவம்பரில் புதுவையைப் பெரும் புயல் தாக்கியது. அந்த இரவைப் பாரதியார் பாட்டாக்கியபோது, ஒரு கணவனும் மனைவியும் பேசிக் கொள்வதாகவே அமைத்தார். வீடு அப்படித்தான் அவர் கவிதைக்குள் புகுந்தது.

கோட்டைத் தாண்டினார்

உலக யுத்தம் முடிந்தது. இனிப் பொறுப்பதில்லை என்று 1918 நவம்பர் 20-ம் தேதி பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டார். பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும், கடலூர் அருகே போலீசார் கைது செய்தார்கள். பத்து ஆண்டுகளாக எதற்கு அஞ்சினாரோ அது செல்லம்மாவின் கண்முன் வந்து நின்றது.

கடலூர்ச் சிறையில் 24 நாட்கள். நண்பர்களின் முயற்சியால், சில நிபந்தனைகளின் பேரில், டிசம்பர் 14-ம் தேதி விடுதலை. குடும்பம் கடையத்துக்குப் போயிற்று. பிறந்த வீட்டு ஊர்தான். ஆனாலும் வரவேற்பு இல்லை. ஜாதி ஆசாரம் விட்டவர் என்று ஊர் ஒதுக்கியது.

1920-ல் மீண்டும் சென்னை, மீண்டும் சுதேசமித்திரன். 1921-ல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை பாரதியாரைத் தள்ளியது. குவளைக்கண்ணன் பாய்ந்து காப்பாற்றினார். அந்தக் காயம் ஆறியது. பிறகு வயிற்றுக் கடுப்பு வந்தது. செப்டம்பர் 11-ம் தேதி நள்ளிரவு கடந்து கவிஞர் கண் மூடினார். வயது 38.

செல்லம்மாவுக்கு வயது 31. தங்கம்மாவுக்கு 17. சகுந்தலாவுக்கு 13. கையில் இருந்த சொத்து என்ன? கட்டுக் கட்டாகக் காகிதங்கள்!

காகிதச் சொத்து

அம்மையார் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. தமையன் அப்பாதுரையின் துணையோடு பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் பிரசுரம் தொடங்கினார். கணவர் காலமான சில மாதங்களில், 1922-ல், சுதேச கீதங்கள் இரண்டு பாகங்களாக வெளிவந்தன. கவிஞர் உயிரோடிருந்தபோது நிறைவேறாத ஆசையை, அச்சுத் தொழில் அறியாத விதவை ஒருத்தி தொடங்கி வைத்தாள். ஆனால் புத்தக வியாபாரம் நீடிக்கவில்லை. பின்னர் பாரதியாரின் தம்பி விசுவநாதனும் நண்பர்களும் பாரதி பிரசுராலயம் அமைத்து அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

1928-ல் சர்க்கார் பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி கொதித்தெழுந்தார். நாடே பேசியது. ஆனால் அம்மையாரின் வீட்டு நிலைமை மாறவில்லை. 1931-ல் நூல் உரிமையை 4,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபை காலத்தில் பாரதி பாடல்கள் நாட்டுடைமையாயின. செல்லம்மா அம்மையாருக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய் கொடுத்தார்கள். ஒரு மகாகவியின் குடும்பத்துக்கு அது பெருந்தொகையா? வாசகர்களே எடை போட்டுக் கொள்ளலாம்.

தாயும் மகளும்

உரிமை கைமாறியது. நினைவு கைமாறவில்லை. அதை அம்மையார் யாருக்கும் விற்கவில்லை, மகளிடம் கொடுத்தார்.

தாய் உட்கார்ந்து சொன்னார். மகள் தங்கம்மாள் எழுதினார். 1941-ல் செல்லம்மா பாரதியின் பெயரில் பாரதியார் சரித்திரம் வெளிவந்தது. தாய் சொன்ன பல காட்சிகள் மகளும் சிறுமியாக இருந்து பார்த்தவைதான். பசியும் தெரியும், பாட்டும் தெரியும். ஆகவே அந்தப் புத்தகத்தில் பாரதியார் பீடத்தில் ஏறி நிற்கவில்லை. கோபிக்கிறார், சிரிக்கிறார், குழந்தையோடு விளையாடுகிறார், அரிசியை இறைக்கிறார்.

1951-ல் திருச்சி வானொலியில் அம்மையார் தம் கணவரைப் பற்றித் தாமே பேசினார். வீட்டில் பாப்பா என்று அழைக்கப்பட்ட சகுந்தலாவும் தந்தையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பக்கத்துக் குடும்பத்துச் சிறுமி, சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி, தம் பாரதி நினைவுகளை எழுதி வைத்தார். அது 1954-ல் அச்சேறியது. புதுவை வாசத்தில் பாரதியாரின் அரசியலை ஆண்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் என்ன சாப்பிட்டார், எப்போது பட்டினி கிடந்தார் என்று சொன்னவர்கள் இந்தப் பெண்களே.

செல்லம்மா அம்மையார் 1955-ல் காலமானார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு பாரதியார் நினைவில்லமாக உள்ளது. கடையத்தில் 2022-ம் ஆண்டு பாரதியாரும் செல்லம்மாவும் சேர்ந்து நிற்கும் சிலை எழும்பியது. ஒரு காலத்தில் ஒதுக்கிய ஊர், தம்பதியை ஒன்றாகவே நிறுத்திக் கொண்டது.

கவலையை விட்டுத் தமிழைப் படி என்று காசியிலிருந்து எழுதினார் கணவர். செல்லம்மாவால் கவலையை விட முடியவில்லை. வாழ்க்கை விடவும் இல்லை. ஆனால் தமிழை அவர் விடவில்லை. அந்தக் கடிதம் வந்து 40 ஆண்டுகள் கழித்து, அவர் சொன்ன தமிழில்தான், அவர் மகள் எழுதிய எழுத்தில்தான், தமிழ்நாடு தன் கவிஞரின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது.