ஆன் ஜட்சன் அம்மையார் (1789–1826)

பர்மாவில் பப்டிஸ்ட் திருச்சபை தோன்றிய வரலாற்றைச் சொல்பவர்கள் அதொனிராம் ஜட்சனின் பெயரையே முதலில் சொல்வார்கள். பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் தந்தவர் அவர். அவருடைய மனைவி ஆன், கணவரோடு துன்பப்பட்டு இளவயதில் இறந்த ஒருவராகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். ஆனால் அவர் தாமாகப் படித்து, தாமாகச் சிந்தித்து, தாமாக முடிவெடுத்த ஒரு பெண். பெண்கள் பாடசாலை ஒன்றின் நூற்றாண்டு மலரில் அவரை நினைப்பது பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

ஆன் ஹசெல்டைன் 1789 டிசம்பர் 22ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிரட்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். 1803இல் அவ்வூரில் பெண்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு பாடசாலை தொடங்கியது. அங்கே கற்ற ஆன், பின்னர் அயலூர்களில் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். 1812 பெப்ரவரி 5இல் அதொனிராம் ஜட்சனை மணந்து, இரண்டு வாரங்களில் கப்பலேறினார். அதே கப்பலில் அவருடைய பாடசாலைத் தோழி ஹரியட்டும் தம் கணவர் சாமுவேல் நியூவெலுடன் பயணம் செய்தார்.

அவர்களை அனுப்பியது அமெரிக்கன் மிஷன். அவர்கள் சார்ந்திருந்த சபையில் விசுவாசிகளின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். இந்தியாவில் வில்லியம் கேரி முதலான பப்டிஸ்ட் ஊழியர்களைச் சந்திக்க வேண்டியிருந்தபடியால், அவர்களோடு வாதிக்க ஆயத்தமாகும் நோக்கத்துடன் அதொனிராம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை ஆராயத் தொடங்கினார். ஆராய ஆராய, பப்டிஸ்டுகள் சொல்வதே சரியோ என்ற ஐயம் அவருக்கு வந்தது. ஆனுக்கு இது பிடிக்கவில்லை. கொள்கை மாறினால் அனுப்பியவர்களின் உதவி நின்றுவிடும், உடன் வந்த நண்பர்களையும் பிரிய நேரிடும். கணவர் மாறினாலும் தாம் மாறப்போவதில்லை என்றே முதலில் இருந்தார். பிறகு கல்கத்தாவில் இரு பக்கத்து நூல்களையும் வேதாகமத்தையும் தாமே வாசித்து, கணவர் வந்த முடிவுக்கே வந்தார். 1812 செப்டெம்பர் 6இல் கல்கத்தா லால் பஜார் ஆலயத்தில் வில்லியம் வார்ட் இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்.

அந்த ஆலயத்தார் நம்பியது என்ன? விசுவாசம் பெற்றோரிடமிருந்து முதுசமாக வருவதில்லை. அறிவு தெளிந்த ஒருவர் தாமே அதை அறிக்கையிட வேண்டும். அதன் அடையாளமே நீரில் முழுகிப் பெறும் ஞானஸ்நானம்; அந்த நீர் தன்னளவில் எவரையும் இரட்சிப்பதில்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கும். மேலிருந்து ஆளும் ஆயர் இல்லை. மனச்சாட்சியின் மேல் அரசுக்கு அதிகாரம் இல்லை. வேதாகமமே இறுதி ஆதாரம். ஆகவே அது ஒவ்வொருவருடைய தாய்மொழியிலும் இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பின்னர் பிறந்த தம் மகனுக்கு ஜட்சன் தம்பதியர் ரோஜர் வில்லியம்ஸ் என்று பெயர் வைத்தனர். 1638இல் அமெரிக்காவின் முதல் பப்டிஸ்ட் சபையை நிறுவி, மனச்சாட்சிச் சுதந்திரத்துக்காக வாதாடியவரின் பெயர் அது.

கிழக்கிந்தியக் கம்பனி மிஷனரிகளை இந்தியாவில் தங்கவிடவில்லை. நாடு விட்டு நாடு அலைந்ததில் ஹரியட் 19 வயதிலேயே மொரீஷியஸ் தீவில் இறந்தார். சாமுவேல் நியூவெல் தனியே இலங்கைக்கு வந்தார். இங்கு மிஷன் பணிக்கு இடமுண்டென்று அவர் எழுதியதன் பயனாக 1816இல் அமெரிக்கன் மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலை தோன்றியது.

ஜட்சன் தம்பதியர் சென்னை வழியாக 1813 ஜூலை 13இல் ரங்கூனை அடைந்தனர். அங்கு அவர்கள் குடியேறிய மிஷன் வீட்டில் முன்பு பணியாற்றியவர் ஜேம்ஸ் சேட்டர். அவர் 1812இல் கொழும்புக்கு வந்து இலங்கையின் பப்டிஸ்ட் மிஷனைத் தொடங்கி, 1815இல் சிங்கள மொழிக்கு ஓர் இலக்கண நூலும் வெளியிட்டார்.

ரங்கூனில் சந்தை, சமையல், வேலையாட்கள் எல்லாம் ஆனின் பொறுப்பு. அதனால் பர்மிய மொழியைப் பேசுவதில் அவர் கணவரை முந்திக்கொண்டார். சயாம் மொழியையும் கற்று, 1819இல் மத்தேயு சுவிசேஷத்தை அதில் மொழிபெயர்த்தார். புரொட்டஸ்தாந்தர் ஒருவர் அம்மொழியில் மொழிபெயர்த்த முதல் வேதபகுதி அதுவே. ஞாயிறுதோறும் பர்மியப் பெண்களைக் கூட்டி வாசித்துக் காட்டினார். மகன் ரோஜர் எட்டு மாதத்தில் இறந்தான். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற ஆறு ஆண்டுகள் சென்றன.

1824இல் பிரித்தானியருக்கும் பர்மிய அரசுக்கும் போர் மூண்டது. ஜட்சன் தம்பதியர் அப்போது தலைநகர் ஆவாவில் இருந்தனர். அரசின் கண்ணுக்கு ஆங்கிலம் பேசும் வெள்ளையர் அனைவரும் ஒற்றர்களே. ஜூன் 8இல் அதொனிராம் விலங்கிடப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். கர்ப்பிணியான ஆன் நாள்தோறும் அதிகாரிகளின் வாசலில் நின்று மன்றாடினார். சிறைக்கு உணவு கொண்டுபோனார். பர்மியப் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவரிடம் கொடுத்தார். பின்னர் அந்தத் தலையணை வீசப்பட்டபோது மௌங் இங் என்ற பர்மிய விசுவாசி அதை எடுத்து வைத்துக்கொண்டதால் பிரதி தப்பியது.

1825 மே மாதம் கைதிகள் ஆங்பின்லே என்ற கிராமத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். மூன்று மாதக் குழந்தை மரியாவையும், தம்மிடம் வளர்ந்த இரண்டு பர்மியச் சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு ஆனும் பின்னால் சென்றார். அங்கே அந்தச் சிறுமிகளில் ஒருத்திக்குப் பெரியம்மை கண்டது. ஆன் ஒரு சாதாரண ஊசியால் அவளுடைய கொப்புளத்திலிருந்து எடுத்து, மற்றச் சிறுமிக்கும் சிறைக்காவலரின் பிள்ளைகளுக்கும் குத்தினார். அவர்களுக்கு நோய் இலேசாக வந்து போயிற்று. செய்தி பரவி, ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் குத்தினார். இது இன்று நாம் போடும் தடுப்பூசி அன்று. உயிருள்ள பெரியம்மைக் கிருமியே உடலில் ஏற்றப்படுகிறது; நூற்றுக்கு ஓரிருவர் அதனாலேயே இறப்பதுண்டு. இயற்கையாகப் பெரியம்மை வந்தாலோ இருபது, முப்பது பேர் இறப்பார்கள். மருத்துவம் கற்காத ஒரு பெண், கையில் விளங்காத நோயோடு, இந்தக் கணக்கைத் துணிந்து எடுத்ததை ஒரு மருத்துவராக நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் தம் மரியாவுக்குக் குத்தியது பலிக்கவில்லை. குழந்தைக்கு அம்மை முழு வேகத்தில் வந்து, மூன்று மாதங்களுக்கு மேல் வருத்திற்று. பிறகு ஆனும் படுக்கையில் விழுந்தார், பால் வற்றிப்போயிற்று. காவலருக்குக் கைக்கூலி கொடுத்து வெளியே வந்த அதொனிராம், விலங்குக் காலோடு குழந்தையை ஏந்திச் சென்று ஊர்த் தாய்மாரிடம் பால் இரந்தார். அவர்களும் கொடுத்தார்கள்.

1826இல் போர் முடிந்து குடும்பம் விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 24இல், கணவர் தொலைவில் இருந்த வேளையில், காய்ச்சலால் ஆன் ஆம்ஹர்ஸ்ட் நகரில் காலமானார். வயது 36. ஆறு மாதம் கழித்து மரியாவும் இறந்தாள். 1834இல் அதொனிராம் வேதாகம மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார். பர்மியத் திருச்சபைகளில் இன்றும் அது வாசிக்கப்படுகிறது.

அம்மை கண்டவளும், ஊசி ஏற்றப்பட்டவளுமான அந்தச் சிறுமிகள் அக்கா தங்கைகள். போருக்குச் சற்று முன் ஆவாவில் ஆன் தொடங்கிய பெண்கள் பாடசாலையில் இருந்தவர்களே மூன்று பேர்தான். அவர்களில் இருவர் இவர்கள். தம் சகோதரிகளின் பெயரையே அவர்களுக்கு மேரி, அபி என்று இட்டிருந்தார். அவர்களில் ஒருத்தியின் செலவுக்குப் பணம் சேர்த்துத் தருவதாக ஏற்றுக்கொண்டது, ஆன் படித்த பிரட்போர்ட் பாடசாலையில் அவர் பெயரால் அமைந்த ஒரு சங்கம். தாங்கள் ஒருபோதும் காணப்போகாத ஒரு பிள்ளைக்காக அவர்கள் அந்தப் பொறுப்பை எடுத்தார்கள். உலகின் பல மூலைகளில் இருந்துகொண்டு, நமது பாடசாலையில் இன்று படிக்கும் ஒரு மாணவியின் படிப்புக்கு உதவி அனுப்பும் பழைய மாணவியர் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்த கதைதான்.