90 வயதிலும் பூ ஆராய்ச்சி!
காசித்தும்பையோடு போராடிய மேதை

காசித்தும்பையை அறியாதவர்கள் நம்மில் குறைவு. மழை பெய்தால் வீட்டு வாசலிலும் கிணற்றடியிலும் முளைத்துப் பூத்துக் குலுங்கும். காய் முற்றியதும் விரலால் தொட்டால் போதும். பட்டென்று வெடித்து விதைகள் சிதறும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

இந்தக் குணத்தினால்தான் காசித்தும்பைப் பேரினத்துக்கு இலத்தீன் மொழியில் "இம்பேஷன்ஸ்" என்று பெயர் வந்தது. பொறுமை இல்லாதது என்பது அதன் பொருள்.

பொறுமை இல்லாத அந்தச் செடிக்காகத் தம் கடைசிக் காலம் முழுவதையும் பொறுமையோடு செலவிட்டார் ஒரு பெரியவர். அவர்தான் ஜோசப் டால்டன் ஹூக்கர்.

பனிக்கடல் பயணம்

ஹூக்கர் 1817-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹூக்கர் தாவர இயல் பேராசிரியர். சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தையின் வகுப்பில் போய் உட்காருவார் மகன்.

அவர் மருத்துவம் படித்தார். ஆனால் மனம் செடி கொடிகளிலேயே இருந்தது. 1839-ல் தென்துருவக் கடலுக்குச் சென்ற கப்பலில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் பனிக்கடலிலும் தீவுகளிலும் அலைந்து செடிகளைச் சேகரித்தார்.

மலையில் சிறைவாசம்

1848-ல் இந்தியாவுக்கு வந்தார். டார்ஜிலிங்கில் தங்கி, இமயமலைக் காடுகளில் சுற்றினார். 1849-ல் சிக்கிம் நாட்டு திவானின் ஆட்கள் அவரையும், உடன் இருந்த டார்ஜிலிங் அதிகாரி காம்ப்பெல்லையும் பிடித்துக் காவலில் வைத்தார்கள். சில வாரங்கள் கழித்தே விடுதலை கிடைத்தது. அதற்காக அவர் செடி தேடுவதை விட்டுவிடவில்லை.

1851-ல் தாய்நாடு திரும்பினார். 1865 முதல் 1885 வரை லண்டன் அருகே உள்ள புகழ்பெற்ற க்யூ தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்தார். இந்தியச் செடிகளைப் பற்றி 7 பாகங்கள் கொண்ட பெரிய நூலை வெளியிட்டார். அதன் கடைசிப் பாகம் 1897-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது 80.

ஒரே செடிக்கு 2 பெயர்

இவ்வளவு பெரிய மேதையையும் காசித்தும்பை இனம் ஏமாற்றியது!

1868-ல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு வகைக்கு அவர் "வாலரியானா" என்று பெயரிட்டார். பிறகு சான்சிபாரிலிருந்து வந்த ஒரு செடி க்யூ தோட்டத்தில் உயிரோடு வளர்ந்து பூத்தது. அதைப் புது வகை என்று நினைத்து 1882-ல் "சுல்தானி" என்று பெயர் வைத்தார். இரண்டும் ஒரே செடிதான் என்பது பின்னால் தெரிந்தது.

காரணம் என்ன? இந்தச் செடியின் தண்டும் பூவும் நீர் நிறைந்தவை. காகிதத்தில் வைத்து உலர்த்தினால் மெல்லிய இதழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பூவின் உண்மையான வடிவம் தெரியாது. காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்து, கிழியாமல் ஒவ்வோர் இதழாகப் பிரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

முதுமையில் முயற்சி

எண்பது வயதைக் கடந்தவர் ஓய்வெடுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஹூக்கர் மற்றவர்கள் தொடத் தயங்கிய அந்த வேலையை எடுத்துக்கொண்டார். இந்தியாவிலும் சீனாவிலும் சேகரித்த செடிகளை வரவழைத்து, பூப்பூவாகப் பிரித்துப் பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட புது வகைகளை உலகுக்கு அறிவித்தார்.

ஓர் உண்மையும் புலப்பட்டது. ஒரு மலையில் வளரும் வகை வேறு மலையில் பெரும்பாலும் இருப்பதில்லை. இமயமலையில் உள்ளவை வேறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளவை வேறு. ஒரு மலைக்காடு அழிந்தால், அங்கே மட்டும் வாழும் செடியும் அதோடு போய்விடும்.

1911-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஹூக்கர் காலமானார். அப்போது வயது 94. அந்த ஆண்டிலும் காசித்தும்பை ஆராய்ச்சியை அவர் விடவில்லை. க்யூவில் தந்தையின் கல்லறை அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

தொட்டியில் வாழும் பெயர்

அவர் இரண்டு முறை பெயர் வைத்த அந்த ஆப்பிரிக்கச் செடி இன்று உலகமெங்கும் தொட்டிகளில் பூக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளிலும் காணலாம். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விதி. ஆகவே "வாலரியானா" நிலைத்துவிட்டது.

அதை வளர்ப்பது எளிது. நிழலான இடம் வேண்டும். உச்சி வெயில் ஆகாது. மண் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும். ஒரு நாள் தண்ணீர் மறந்தால் செடி துவண்டு தலை சாயும். உடனே ஊற்றினால் மறுபடி நிமிர்ந்துவிடும். ஒரு தண்டை ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் சில நாட்களில் வேர் விடும். அதை எடுத்து நட்டால் புதுச் செடி தயார்.