ஒரு ரூபாய்ச் சம்பளத்திலிருந்து உயர் நீதிமன்றம் வரை

பட்டம் பெற்றால்தான் பதவி என்பது நம் காலத்துக் கணக்கு. நீதிபதியாக அமர்ந்த பிறகு சட்டப் பட்டம் பெற்றவர் ஒருவர் தஞ்சைத் தரணியில் இருந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர்தான் அவர்.

1832-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாளானார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய்!

ஒரு நாள் ஆற்றில் உடைப்பு எடுத்ததாகச் செய்தி வந்தது. தாசில்தார் முத்துசாமி நாயக்கர் விவரம் கேட்க, அச்சிறுவன் நேரில் சென்று பார்த்து, எல்லாவற்றையும் திரட்டி வந்து கூறினான். தாசில்தாருக்கு ஐயம், விசாரித்தார். சிறுவன் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. பி.எஸ்ஸி. படித்துவிட்டு எதற்குச் சட்டம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன். கண்ணால் கண்டு, அளந்து, உள்ளபடி எழுதுவதைத்தானே ஆய்வுக்கூடத்தில் நாங்களும் பழகுகிறோம்?

நாயக்கர் அவரை முதலில் நாகப்பட்டினத்துப் பள்ளிக்கும், பின் சென்னைக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார். சென்னையில் கட்டுரைப் போட்டி ஒன்றில் 500 ரூபாய்ப் பரிசு கிடைத்தது. தெருவிளக்கில் படித்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விளக்கைப் பாடுகிறவர்கள் தாசில்தாரை மறந்துவிடுகிறார்கள். ஐயருக்குப் பணம்தான் இல்லை. எழுத்தும் கல்வியும் அவர் பிறந்த குலத்துக்குப் புதியவை அல்ல. என் தந்தையோ கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். எங்களைப் போன்றோருக்கு ஒரு நாயக்கர் இன்னும் அதிகமாகவே தேவை.

1856-இல் கும்பகோணத்தில் வக்கீல் தேர்வு எழுதித் தேறினார். அதே ஆண்டில் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப். பின் டெபுடி கலெக்டர், மங்களூரில் சப்-ஜட்ஜ். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதே 1857-இல்தான். 1868-இல் சென்னையில் மாஜிஸ்திரேட் ஆனவர், பகலில் வழக்குகளை விசாரித்துக்கொண்டே பி.எல். தேர்வுக்குப் படித்துத் தேறினார். அப்போது நாற்பதை நெருங்கும் வயது. பதவி கையில் இருக்க இந்தச் சிரமம் எதற்கு? பழகிய தொழிலை முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசையன்றி வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, தம் வளாகத்தில் நுழைந்த ஓர் இந்தியச் சிறுவனை அடித்த வழக்கில் ஐரோப்பிய உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே சம்மன் அனுப்பி, மூன்று ரூபாய் அபராதம் விதித்தார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. மூன்று ரூபாய் சிறு தொகைதான். ஆனால் அந்நாளில் அதை விதிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

1870-களின் இறுதியில் அவரே உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் ஓர் இந்தியருக்கு இப்பதவியா என்று சீறின. மறுமொழி சொல்ல நம்மவர்களுக்குப் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணி இளைஞர்கள் அறுவர் ஒன்று கூடினர். இருவர் ஆசிரியர், மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள், ஏறக்குறைய நம் வயதினர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று வெளிவந்த அந்த வார இதழ்தான் ‘தி இந்து’.

1893-இல் மூன்று மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்த ஐயர், 1895 ஜனவரியில் காலமானார். அவரது பளிங்குச் சிலை சென்னை உயர் நீதிமன்றத்துக்குள் இருக்கிறது. நான் இன்னும் அதை நேரில் பார்த்ததில்லை.