அன்னை ஞானம்மா

ஜூலை 26 என்றால் தூத்துக்குடிக்காரருக்குக் கொடியேற்றம்தான் நினைவுக்கு வரும். பனிமய மாதாவின் பெருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால், ஆகஸ்ட் 5 முடியும்வரை நமக்கு வேறு நினைவே இராது. ஆனால் திருச்சபையின் நாட்காட்டியில் அதே நாள் மாதாவைப் பெற்ற தாயாகிய புனித அன்னம்மாளின் திருநாளும் ஆகும். மகளுக்குக் கொடி ஏற்றுகிற மகிழ்ச்சியில் தாயை மறந்துவிடுகிறோம். அன்னம்மாளின் சுரூபத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பக்கத்தில் சிறுமி மரியா. தாயின் கையில் விரித்த ஏடு. தாய் மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் காட்சி அது. அந்தக் காட்சியையே தம் வாழ்வாக்கிக்கொண்ட ஒரு தாயைப் பற்றி நம் ஜூபிலி மலரில் எழுத வேண்டுமென்று நெடுநாளாக எனக்கு ஆவல்.

அவர் நம் கரையைச் சேர்ந்தவர் அல்லர். 1822ஆம் ஆண்டு குண்டூர்ப் பகுதியிலுள்ள பிரங்கிபுரத்தில் பிறந்தவர், பெயர் ஞானம்மா. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் கர்நாடக மிஷன் என்ற பெயரில் உழைத்தார்களே, அந்தத் தெலுங்கு நாட்டு விசுவாசத்தில் வளர்ந்தவர். அக்கால வழக்கப்படி இளவயதிலேயே இன்னையா என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, திருவள்ளூரை அடுத்த கீழச்சேரியில் குடியேறினார். தமிழ் மண்ணில் தெலுங்கு பேசும் கத்தோலிக்கர் வாழும் சிற்றூர் அது. அங்கே ஐந்து ஆண் மக்களைப் பெற்று வளர்த்தார்.

பின் கணவர் இறந்தார். அந்நாளில் கணவனை இழந்தவள் என்றால் என்ன நிலை என்று நம் பாட்டிமார் அறிவார்கள். வீட்டின் பின்கட்டே அவளுக்கு உலகம். நல்ல காரியங்களில் முன்னால் வரக்கூடாது. வெளியே செல்பவர் எதிரே நிற்கக்கூடாது. ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களும் இதில் ஊரோடு ஒத்தே நடந்தன. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுச் செபமாலையோடு மூலையில் அமர்ந்திருந்தாலும் ஞானம்மாவை யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். நல்ல விதவை என்றே சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அவர் வெளியே வந்தார். 1863இல் கீழச்சேரியில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். இன்று நமக்கு இது சிறு செய்தி. அன்று நூறு பெண்களில் ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தாலே அதிசயம். பெண்ணுக்கு எழுத்து எதற்கு, அடுப்பூதத் தெரிந்தால் போதாதா என்ற காலம். அந்தக் காலத்தில் பெண்ணைப் பெற்றவர்களின் மனத்தைத் திருப்பி, அவர்களுடைய மகள்களைப் பலகையின் முன் அமரச் செய்வது எளிதான வேலை அல்ல. அதையும் ஒரு விதவை செய்தார். ஒன்று எனக்கு எப்போதும் வியப்பாகத் தோன்றும். அவர் பெற்றவை ஐந்தும் ஆண்கள். பெண் குழந்தை இல்லாத தாய், ஊராரின் பெண் குழந்தைகளைத் தம் குழந்தைகளாக்கிக்கொண்டார்.

பிள்ளைகளை வளர்த்த அனுபவம் வீண் போகவில்லை என்றே சொல்லவேண்டும். அவர் பாதையில் வேறு பெண்களும் சேர்ந்தார்கள். அதிலிருந்து ஒரு துறவற சபை பிறந்தது. அது புனித அன்னம்மாளின் பெயரையே தாங்கிற்று. இன்று சென்னையிலும் பிரங்கிபுரத்திலும் தலைமையிடம் கொண்ட இரண்டு அன்னம்மாள் சபைகள் இவரைத் தங்கள் தாயாகப் போற்றுகின்றன.

கடல் கடந்தும் இவருக்கு ஓர் உடன்பிறவி உண்டு எனலாம். நியூயார்க்கில் 1774இல் பிறந்த எலிசபெத் ஆன் சீட்டன் அம்மையாரும் ஐந்து பிள்ளைகளின் தாய். 1803இல் இத்தாலியில் கணவரைப் பறிகொடுத்தார். 1805இல் கத்தோலிக்கரானார். பின் எம்மிட்ஸ்பர்க் என்ற ஊரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, கன்னியர் சபையும் கண்டார். 1975இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். சீட்டன் அம்மையார் இறந்தது 1821இல். ஞானம்மா பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில். ஒருவரையொருவர் அறியாத இரு தாய்மார், ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள்!

நம் முத்துக்குளித்துறைக்கும் பிள்ளைகள் வழியாகத்தான் வேதம் வேரூன்றிற்று. 1542இல் வந்த சவேரியார் சிறுவர்களைக் கூட்டிச் செபம் கற்பித்தார். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குக் கற்பித்தார்கள். ஆனால் அந்தச் செபம் தலைமுறை தலைமுறையாகத் தங்கியது தாய்மாரின் நாவில் அன்றோ? கடலுக்குப் போன கணவர் திரும்பாத வீடுகளில், மீன் விற்றும் வலை பின்னியும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் நம் பங்கில் எத்தனை பேர்! அந்த வீடுகளுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். அதே வீட்டில் மகளுக்குத் திருமணம் என்றால், படிக்க வைத்த அந்தத் தாய் மட்டும் தூணுக்குப் பின்னால் நிற்பாள். தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்க மற்றவர்கள் வருவார்கள். பீடத்திலிருந்து இதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது.

ஞானம்மா 1874இல், தம் 52ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பள்ளி தொடங்கியபின் அவருக்குக் கிடைத்தவை பதினோரு ஆண்டுகளே. அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தும் முயற்சி சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில் தொடங்கப்பட்டது.

வரும் ஜூலை 26 அன்று காலைப் பூசை நம் கோவிலில் அன்னம்மாளின் திருநாள் பூசையாக நடைபெறும். கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள் பூசை முடிந்து போகலாம். காணிக்கைப் பவனியில் கணவரை இழந்த தாய்மார் முன்னே வருவார்கள். பிள்ளைகள் தங்கள் பள்ளிப் புத்தகங்களைக் கொண்டுவரட்டும். அவற்றை அந்தத் தாய்மாரின் கையில் கொடுத்து மந்திரிப்பேன்.